இன்ஜினை இறக்குவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பைக் வாங்குவது எப்படி என்று பத்திரிகைகளில் அவ்வப்போது குறிப்புகள் வருகின்றன. ஆவணம் சரியாக இருக்கிறதா, மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது, பெயிண்ட் அசலா என்பதோடு அவை முடிந்துவிடும். வாங்கி ஒரு மாதம் ஓட்டிய பிறகு வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், நடுவழியில் நின்றால், சைலென்சரில் புகை வந்தால் என்ன பார்ப்பது என்று சொல்பவர்கள் குறைவு. அந்த நேரத்தில்தான் 'இன்ஜினை இறக்கியாகணும்' என்ற தீர்ப்பு வந்து விழுகிறது. இறக்கியே ஆக வேண்டிய வண்டிகளும் உண்டு. ஆனால் போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), பிஸ்டன் மாற்றி, எல்லாம் பூட்டிய பிறகும் அதே கோளாறோடு நிற்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் கோளாறு முதலிலிருந்தே இன்ஜினுக்கு வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கும்.

எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளை இங்கே எழுதுகிறோம். 100 முதல் 150 சிசி வரையிலான, காற்றில் ஆறும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளைத்தான் பெரும்பாலும் மனதில் வைத்திருக்கிறோம். அளவுகள் மாடலுக்கு மாடல் சற்று மாறும். வண்டியோடு வந்த கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதையே நம்புங்கள்.

கிளம்பாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை சிரிப்பு வரும் அளவுக்குச் சாதாரணமானவை. கில் ஸ்விட்ச் (ஹேண்டிலிலிருந்தே இன்ஜினை அணைக்கும் பொத்தான்) அணைந்த நிலையில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வும் தீர்ந்துவிட்டதா? இவற்றைத் தாண்டினால் பிளக். அதைச் சுற்றியிருக்கும் மண்ணை முதலில் ஊதிவிடுங்கள். இல்லையென்றால் கழற்றியதும் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். பத்து முறை கிக் அடித்துவிட்டு உடனே கழற்றி முனையைப் பார்க்க வேண்டும். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, நெருப்புதான் பிடிக்கவில்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஸ்பார்க் பார்ப்பதற்கும் முறை உண்டு. பிளக்கை அதன் கேப்பில் செருகி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் ஹெட்டை அழுத்தமாகத் தொடும்படி வைத்துக் கிக் அடிக்க வேண்டும். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கேப்பை எதையும் தொடாமல் அந்தரத்தில் விட்டும் கிக் அடிக்கக் கூடாது. போக வழியில்லாத அந்த மின்னழுத்தம் காயிலையோ (ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது) சிடிஐயையோ (ஸ்பார்க் வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கெடுத்துவிடக்கூடும். பகல் வெளிச்சத்திலும் தெரிகிற கெட்டியான நீலப் பொறி வந்தால் நல்லது. மெலிந்து, ஆரஞ்சு நிறத்தில், விட்டுவிட்டு வந்தால் பிளக், கேப், ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். புதுப் பிளக் போட்டும் மாறவில்லையா? பல வண்டிகளில் கேப் ஒயரின் மேல் திருகி நிற்கும். அதைத் திருகிக் கழற்றி, ஒயரின் நுனியில் 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகிப் பாருங்கள். நுனியில் செம்பு பச்சை பூத்து அரித்திருந்தால் இந்த வெட்டே மருந்து. பிறகு கில் ஸ்விட்ச் ஒயர், அதன் பிறகு காயில், கடைசியில்தான் சிடிஐ. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகி, சிடிஐதான் முதலில் மாற்றப்படுகிறது.

பிளக்கின் இடைவெளி பல வண்டிகளில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். முனையின் நிறத்தையும் படிக்கலாம். வெளிர் பழுப்பு என்றால் எரிதல் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடு ஏறுகிறது. திரும்பப் பூட்டும்போது பாதிக்கு மேல் கையாலேயே திருகி இறக்குங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் ஒரு சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். வாஷர் ஹெட்டில் உட்கார்ந்த பிறகு புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழைய பிளக்குக்குக் கால் சுற்றுக்கும் குறைவு போதும்.

பிளக் காய்ந்திருந்தால் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு வாருங்கள். அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல், அதைத் தளர்த்தி வடிகிற பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். மேலே தெளிந்து நிற்பது பெட்ரோல். அடியில் முத்து முத்தாக உருண்டு, பாட்டிலைச் சாய்த்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவது தண்ணீர். கூடவே செம்மண் போலப் படிந்தால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கார்பரேட்டரை மட்டும் கழுவினால் ஒரு வாரத்தில் அதே அடைப்பு திரும்பி வருவது இதனால்தான். டேங்கையும் டேப்பின் வலையையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

வண்டி சோக் போட்டால்தான் கிளம்புகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைகிறது, ஆனால் வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ந்த பெட்ரோலின் பிசின் ஒரு துளி போதும் அதை மூடுவதற்கு. கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். கம்பியோ ஊசியோ விடாதீர்கள். ஜெட் பித்தளை, துளை ஒரு மயிரிழை அகன்றாலும் பிறகு ஸ்லோ ஸ்பீடு ஒருபோதும் ஒழுங்காக நிற்காது. இதற்கு எதிர்மாறாக, ஸ்லோவில் நன்றாக நின்று, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கும்போது மட்டும் மூச்சு வாங்கினால் மெயின் ஜெட்டையும், டேப்பிலிருந்து வரும் பெட்ரோலின் அளவையும் பார்க்க வேண்டும். கார்பரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை தேய்ந்திருக்கும், அல்லது அங்கே ஒரு துகள் மாட்டியிருக்கும். அப்படிச் சொட்டிய வண்டியில் ஆயில் அளக்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அளவும் கூடியிருந்தால், கசிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியே ஆயிலில் கலந்திருக்கிறது. நீடிலைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றாமல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

இனி, அதிகமான பணமும் பொறுமையும் வீணாகும் கோளாறுக்கு வருவோம். வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்பும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் இழுவை குறைந்து நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்காது. இதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் பிரித்தறிய வேண்டிய இடம் வண்டி நின்ற இடம்தான், நின்ற அந்த நிமிடம்தான்.

நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அடுத்த ஓரிரு நிமிடத்தில் வண்டி கிளம்பினால் மூடியிலிருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி இறங்குவது நின்றுவிடும். ஆறிய பிறகு கிளம்புவதற்குக் காரணம் ஆறியது அல்ல. அந்த அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். வண்டியைக் கழுவும்போது மூடியில் சேறு ஏறுவது, டேங்க் கவரின் ரெக்சின் துளையை மூடுவது, இவையே போதும் இது நேர்வதற்கு.

மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால், சூடு தணிவதற்குள் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். கையுறையும் பிளக் ஸ்பானரும் ஒரு புதுப் பிளக்கும் சீட்டின் அடியில் இருக்கட்டும். சூட்டில் ஸ்பார்க் இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால் இக்னிஷன் காயிலோ, மேக்னெட் பக்கத்திலிருக்கும் பிக்கப் காயிலோ உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சூட்டில் கம்பி விரியும்போது தொடர்பு அறுந்து, ஆறும்போது மறுபடி தொட்டுக்கொள்கிறது. பட்டறையில் ஆறிய நிலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எண் சரியாகவே காட்டும். அதை நம்பிக் காயிலை விட்டுவிட்டு வேறு எதையாவது மாற்றுவார்கள்.

மூடியும் சரி, ஸ்பார்க்கும் சரி, ஆனால் கிக்கரை மிதித்தால் வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் கால் தளர்வாக இறங்குகிறது என்றால் மூன்றாவது காரணம்: டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே இடைவெளி வைக்கும் இடம், இறுகியிருக்கிறது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய வண்டி வாங்குபவர்கள் காதை வைத்துக் கேட்டு, 'டேப்பெட் சத்தமே இல்லை, இன்ஜின் வெண்ணெய் மாதிரி' என்று மகிழ்ந்து வாங்குகிறார்கள். லேசாக டிக் டிக் என்று கேட்கிற டேப்பெட் ஒன்றும் செய்யாது. சத்தமே இல்லாத டேப்பெட்தான் வால்வைத் தின்னும். நாள் பட ஓடும்போது வால்வு தன் சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. அதனால் வால்வின் வால் மேலேறி, ராக்கருக்கும் அதற்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூட்டில் வால்வு நீளும்போது மிச்ச இடைவெளியும் போய்விடும். வால்வு முழுதாக மூடாமல் நிற்கும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) கசியும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்காரவே முடியாவிட்டால் விளிம்பு கருகிப் பள்ளம் விழும். அதன் பிறகு ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை. கருகுவதற்கு முன் பிடித்தால் அரை மணி நேர வேலை.

வேலை இதுதான். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் எடுப்பது உத்தமம். பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜின் எளிதாகச் சுற்றும். மேக்னெட் கவரிலிருக்கும் இரண்டு மூடிகளைத் திறந்து, இன்ஜின் சுழலும் திசையிலேயே சுற்றி, ஃப்ளைவீலிலுள்ள 'டி' கோடு கவரின் வெட்டுக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். இப்போது இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் மெல்லிய அசைவு இருந்தால் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கிறது. ஏதாவது ஒன்று இறுக்கமாக நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே கோட்டுக்கு வாருங்கள். அப்போதும் அது இறுக்கமாகவே நின்றால் அதுதான் நீங்கள் தேடி வந்த டேப்பெட். இடைவெளி பல வண்டிகளில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை. சிலவற்றில் எக்ஸாஸ்டுக்குச் சற்றுக் கூடுதல். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தகட்டைச் செருகி இழுத்தால், தடித்த புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போல லேசான பிடிப்பு கையில் தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள். தகடு இல்லாமல், காதால் கேட்டு 'சத்தம் போகும்வரை' இறுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வால்வு கருகும் வண்டிகளில் பல இப்படிக் கருகியவைதான்.

டேப்பெட் சத்தத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று கேம் செயின் (இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் செயின்) சத்தம். அது சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து, ஆக்சிலேட்டரை விடும்போது சரசரவென்று கேட்கும். டேப்பெட்டை எவ்வளவு இறுக்கினாலும் போகாது. அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும்.

புகைக்கு வருவோம். குளிர்ந்த காலையில் கிளம்பியதும் வெளுத்து வந்து இரண்டு நிமிடத்தில் மறைவது நீராவி, அதை மறந்துவிடலாம். கறும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. சோக் கேபிள் திரும்பாமல் மாட்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் உயரம் சரியா என்று பார்க்க வேண்டும். நீலப் புகைதான் ஆயில். அங்கேயும் உடனே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ஆயில் அளவு. வண்டியைச் செங்குத்தாக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல், சும்மா உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகி அளந்துவிட்டுக் குறைகிறதென்று மேலும் ஊற்றுபவர்கள் உண்டு. அளவுக்கு மீறிய ஆயில் நுரைத்து, பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து இன்ஜினுக்குள் போய் எரியும். ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருக்கும். அதிகப்படியை வடித்து, ஃபில்டரை மாற்றி, சைலென்சரில் படிந்தது எரிந்து தீரும்வரை ஓட்டிய பிறகு பேசுங்கள்.

அளவு சரியாக இருந்தும் புகைத்தால், எப்போது புகைக்கிறது என்று கவனியுங்கள். நின்றிருந்த வண்டியைக் கிளப்பும்போதும், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்துவிட்டு மறுபடி முறுக்கும்போதும் ஒரு குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல். ரப்பர் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். ஹெட் வேலையோடு முடியும், போர் தேவைப்படாது. முறுக்க முறுக்கத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ரிங்கும் சிலிண்டரும். உறுதி செய்ய கம்ப்ரஷன் கேஜ் பூட்டி, பிளக்கைக் கேப்பில் செருகி ஹெட்டில் எர்த் செய்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, ஊசி ஏறாமல் நிற்கும்வரை கிக் அடியுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 மில்லி, இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே. ஆயில் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ. டேப்பெட்டைச் சரிபார்த்த பிறகுதான் இந்தச் சோதனை. இறுகிய டேப்பெட்டும் இதே எண்ணைக் காட்டி ஏமாற்றும். இவ்வளவும் பார்த்து 'ரிங்தான்' என்று வந்தால், ஆம், இன்ஜினை இறக்குங்கள்.

ஸ்லோ ஸ்பீடு ஏறியும் இறங்கியும் ஊசலாடினால், அல்லது ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் தொங்கினால், கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன் அதற்கும் ஹெட்டுக்கும் நடுவிலிருக்கும் ரப்பர் இணைப்பைப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடிப்பில் விரிசல் இருக்கும். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைப் பூசினால், வேகம் மாறும் இடத்தில் காற்றுத் திருட்டு இருக்கிறது. எரியக்கூடிய ஸ்பிரே எதையும் சூடான இன்ஜின்மேல் அடித்துச் சோதிக்க வேண்டாம். இணைப்பு நன்றாக இருந்தால் ஸ்லோவைப் பல வண்டிகளுக்குப் பொதுவான நிமிடத்துக்கு 1,400 சுற்றுகளில் வைத்து, மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உட்காரும்வரை திருகி, அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே எடுத்தால் கூடும். இது தெரியாமல் திருகுவதால் கோளாறு இரட்டிப்பாகிறது.

இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டைத் தொடுவதற்கு முன் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வே இல்லாத கேபிள், கிளட்சை எப்போதும் பாதி பிடித்த நிலையில் வைத்திருக்கும். அடுத்து, முந்தைய உரிமையாளர் என்ன ஆயில் ஊற்றினார் என்பது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஆயிலை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கும். டப்பாவில் ஜாசோ (JASO, பைக் ஆயிலுக்கான தரக்குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது இந்த வகைக் கிளட்சுக்கானது அல்ல. பழைய ஆயிலை வடிக்கும்போது கையில் தேய்த்துப் பாருங்கள். பால் காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. மிக நுண்ணிய மினுமினுப்பு தேய்மானத்தில் வருவது; விரலில் குத்துகிற சில்லுகள் வந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

செயினை நின்ற இடத்தில் ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தளர்வு சொல்லக் கூடாது. பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் வைத்தால், இறுகும் இடம் வரும்போதெல்லாம் கியர் பெட்டியின் ஷாஃப்ட் பேரிங் இழுபடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறம் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு எழும்பினால் செயின் முடிந்தது. அளந்தே பார்க்க வேண்டுமென்றால், பின்னுக்குப் பின் 12.7 மில்லிமீட்டர் உள்ள செயினில் 20 கண்ணிகள் புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். இழுத்துப் பிடித்து அளந்து 259ஐத் தொட்டால் மாற்றிவிடுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கொக்கிபோல வளைந்த பல்லில் புதுச் செயின் நீடிக்காது. லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பின் டிரம் பிரேக்கும் தானாக இறுகும். பெடலின் தளர்வை மறுபடி வைக்காவிட்டால் பிரேக் உரசிக்கொண்டே ஓடி டிரம் கொதிக்கும்.

செல்ஃப் அடித்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரி வாங்கப் போவதற்கு முன் இரண்டு டெர்மினல்களையும், எர்த் ஒயர் இன்ஜினிலும் சேஸியிலும் பூட்டியிருக்கும் இடத்தையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜினை 4,000 சுற்றுக்கு மேல் வைத்து டெர்மினலில் அளந்தால் 13.5க்கும் 14.8க்கும் நடுவே வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பல்பையும் பேட்டரியையும் சேர்த்துக் கொல்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போனால் அந்த இடத்தில் கம்பி சுற்றாதீர்கள். எங்கோ ஒயர் உரசிக்கொண்டிருக்கிறது. ஹேண்டில் கழுத்துப் பக்கம் முதலில் தேடுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சோக், பைலட் ஜெட் போன்ற கார்பரேட்டர் கதைகள் இல்லை. மற்றவை அப்படியே பொருந்தும். சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று விநாடி ரீங்காரம் கேட்க வேண்டும், அது பம்ப். கேட்கவில்லையென்றால் ஃபியூஸ், பேட்டரி, பம்ப் என்ற வரிசை. பம்பை ஆறவைப்பதே அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான் என்பதால், டேங்க் வற்றும்வரை ஓட்டும் பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை நீளமாக, எத்தனை முறை குட்டையாக மின்னுகிறது என்று எண்ணிக் கையேட்டில் பாருங்கள். எந்த சென்சார் பக்கம் தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

பிரேக்கும் ஹேண்டிலும் மட்டும் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' பட்டியலில் சேராதவை. டிஸ்க் லிவர் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று. ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டியில் வாங்கிய உடனே மாற்றுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டு பேடில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பரின் நகரும் பின் துருப்பிடித்து மாட்டியிருக்கிறது. பேடு மாற்றுவது பரிகாரம் அல்ல. டிரம்மில், பிரேக்கை மிதித்தபோது அம்புக்குறி எல்லைக்கோட்டைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது. டயரில் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதாகி விரிசல் விட்ட டயரை நம்ப முடியாது.

ஹேண்டிலுக்கு, வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் ஹேண்டிலை இடமிருந்து வலம் மெல்லத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல 'டக்' என்று உட்கார்ந்தால், கோன் செட்டின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) கிண்ணத்தில் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. நட்டை இறுக்கினால் சரியாகாது, இன்னும் மோசமாகும்; செட்டாக மாற்ற வேண்டும். பிறகு ஃபோர்க்கின் கீழ் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மட்டுமே இறுக்கம் தேவை. பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்ஷின் நிலை தெரியும். 'வேகத்தில் வண்டி ஆடுகிறது' என்று டயர் மாற்றியவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது இந்தப் புஷ்தான்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு டேப்பெட் பற்றிய பகுதியை மட்டுமாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சிலர்